புள்ளிக்கோட்டில் ஒரு போர்க்கப்பல்



1862ஆம் ஆண்டு மார்ச் 8, சனிக்கிழமை. அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி ஓராண்டு ஆகப்போகிறது. வர்ஜீனியா மாநிலத்தில் எலிசபெத் ஆறு வந்து கலக்கும் ஹாம்ப்டன் ரோட்ஸ் என்ற அகன்ற நீர்ப்பரப்பில் வடக்குத் தரப்பின் மரப் போர்க்கப்பல்கள் நங்கூரம் பாய்ச்சி நிற்கின்றன. மாலுமிகள் துவைத்த துணிகள் கயிறுகளில் காய்கின்றன. நண்பகல் தாண்டிய நேரத்தில் ஆற்றின் முகத்திலிருந்து ஏதோ ஒன்று மெல்ல ஊர்ந்து வருகிறது. அதற்குப் பாய்மரம் இல்லை. வெள்ளத்தில் வீடு முங்கிக் கூரை மட்டும் மிதந்து வந்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது என்று பார்த்தவர்கள் பலர் பிற்பாடு எழுதினார்கள். கூரையின் நடுவே ஒரு புகைபோக்கி. அவ்வளவுதான்.

அன்று மாலைக்குள் அந்தக் கூரை, கம்பர்லேண்ட் என்ற கப்பலை முட்டி மூழ்கடித்தது. காங்கிரஸ் என்ற கப்பலை எரித்தது. இருநூறுக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டார்கள். அன்றிரவே வடக்கின் இரும்புக் கப்பலான மானிட்டர் வந்து சேர்ந்தது. மறுநாள் காலை இரண்டும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. இரு கரைகளிலும் ஆயிரக்கணக்கானோர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

தெற்குத் தரப்பின் அந்தக் கூரைக் கப்பலின் பெயர் வர்ஜீனியா. உலகக் கடற்போர் வரலாற்றையே திருப்பிப் போட்ட கப்பல் என்று பாடநூல்கள் சொல்லும். இத்தனை பேர் கண்ணால் பார்த்த அந்தக் கப்பலுக்கு இன்றுவரை ஒரே ஒரு புகைப்படம்கூடக் கிடைக்கவில்லை. நீங்கள் புத்தகங்களில் பார்த்திருக்கும் படங்கள் எல்லாம் யாரோ வரைந்தவை.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரைபட மேசையில் வேலை பார்த்தவன். எங்கள் தொழிலில் முழுக்கோடு என்றால் ஓர் உறுதிமொழி. இந்த இடத்தில் இந்தப் பொருள் இருக்கிறது, நான் அளந்தேன் என்று பொருள். கண்ணுக்குத் தெரியாததை, உள்ளே மறைந்திருப்பதைப் புள்ளிக்கோட்டில் காட்டுவோம். தென் மாநிலக் கூட்டமைப்பின் இரும்புக் கவசக் கப்பல்களை வரைந்தவர்களில் பெரும்பாலோர் புள்ளிக்கோட்டைத் தொடவே இல்லை. எல்லாவற்றையும் முழுக்கோட்டில் போட்டுவிட்டார்கள். அந்தக் கோடுகளில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பிரித்தறிவதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

முதலில், ஏன் படங்கள் இல்லை? இந்தக் கப்பல்களில் பெரும்பாலானவற்றை எதிரி அழிக்கவில்லை. சொந்த மாலுமிகளே கொளுத்தினார்கள். வர்ஜீனியாவை 1862 மே 11 அன்று க்ரேனி தீவருகே எரித்தார்கள். ஹாம்ப்டன் ரோட்ஸ் சண்டைக்கும் அதற்கும் இடையே இரண்டு மாதம்தான். ஆர்கன்சா என்ற கப்பல் அதே ஆண்டு ஆகஸ்டில் பாட்டன் ரூஜ் பக்கம் தீக்கிரையானது. சவானா நகரம் விழப்போகிறது என்றதும் 1864 டிசம்பரில் ஜார்ஜியா என்ற கப்பலை ஆற்றில் மூழ்கடித்தார்கள். 1865 பிப்ரவரியில் சார்ல்ஸ்டன் துறைமுகக் கப்பல்கள், ஏப்ரலில் ரிச்மண்டைக் காத்த ஜேம்ஸ் ஆற்றுக் கப்பல்கள் என்று வரிசையாகச் சாம்பலாயின. ரிச்மண்ட் நகரம் எரிந்தபோது கடற்படை அலுவலகத்தின் காகிதங்களும் பெருமளவு போயின. ஆக, கப்பலும் இல்லை. கப்பலைப் பற்றிய காகிதமும் இல்லை. போதாததற்கு, முற்றுகைக்குள் இருந்த தெற்கில் புகைப்படம் எடுக்க வேண்டிய இரசாயனங்களுக்கே தட்டுப்பாடு.

மானிட்டரின் கதி வேறு. அதுவும் அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று புயலில் மூழ்கிவிட்டது. ஆனால் ஜூலை மாதம் ஜேம்ஸ் கிப்சன் என்ற புகைப்படக்காரர் அதன் மேல்தளத்தில் கேமராவை நிறுத்திப் படமெடுத்துவிட்டார். சுழல் கோபுரத்தில் குண்டு பட்ட பள்ளத்தைக்கூட நாம் இன்று பார்க்கலாம்.

இனி வர்ஜீனியாவை எடுத்துக்கொள்வோம். இதன் கீழ்ப்பகுதி பற்றி நமக்குக் கவலை இல்லை. அது மெரிமாக் என்ற நீராவிக் கப்பலின் உடல். போர் மூண்ட 1861 ஏப்ரலில் காஸ்போர்ட் கடற்படைத் தளத்தை விட்டு ஓடிய வடக்குப் படையினர் அதைக் கொளுத்தி மூழ்கடித்தார்கள். தெற்கத்தியர் தூக்கி எடுத்தார்கள். மெரிமாக்கின் வரைபடங்கள் இருக்கின்றன. ஆகவே நீருக்குக் கீழே முழுக்கோடு போடலாம். நீருக்கு மேலேதான் சிக்கல்.

எழுத்துச் சான்றுகள் சிலவற்றில் ஒத்துப்போகின்றன. மேலே சாய்வான பக்கங்கள் கொண்ட ஒரு கவசக் கூடு. சாய்வு சுமார் 36 பாகை. உள்ளே இரண்டு அடி கனத்துக்கு ஓக், பைன் மரம். அதன்மேல் ரிச்மண்டின் ட்ரெடெகார் இரும்பாலையில் உருட்டிய 2 அங்குலத் தகடுகள் இரண்டு அடுக்கு. பத்துப் பீரங்கிகள். முன்னால் வார்ப்பிரும்பு முட்டுமுனை. இவை உறுதி.

ஆனால் கூட்டின் முன்னும் பின்னும் எப்படி முடிந்தது? வட்டமாகவா, கட்டமாகவா? வட்டமாக என்பதற்கே சான்று வலுவாக இருக்கிறது. சண்டைக்கு முந்தின நாள், மார்ச் 7 அன்று, பிளாக்ஃபோர்ட் என்ற இளம் அதிகாரி ஒருவர் ஓவியக் குறிப்பு எடுத்தார். அதைக் கொண்டு அச்சிட்ட படம் நமக்குக் கிடைத்திருக்கிறது. நேரில் பார்த்து வரைந்ததாகச் சொல்லத்தக்க படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதே ஆண்டு வடக்கு நகரங்களில் கடைகடையாக விற்ற வண்ண அச்சுப் படங்களை வரைந்தவர்கள் கப்பலைக் கண்ணால் கண்டவர்களே இல்லை. செய்தித்தாள் படித்து, கற்பனையில் கூரையைச் செங்குத்தாக்கி, மூலைகளைக் கூராக்கி, பீரங்கித் துளைகளை விருப்பம்போல் கூட்டிக் குறைத்து வரைந்தார்கள். அவற்றைப் பார்த்து அடுத்த தலைமுறை வரைந்தது.

இன்னொரு கேள்வி என்னை வெகுநாள் வதைத்தது. கப்பல் எவ்வளவு ஆழத்தில் அமிழ்ந்து நின்றது? வடிவமைத்தபோது எண்ணியது, கூட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள தளங்கள் நீருக்கடியில் இருக்க வேண்டும் என்பது. கூட்டின் இறவாரமும் இரண்டு அடி நீருக்குள் மறைய வேண்டும். எடைக் கணக்கில் பிழை நேர்ந்ததால் கப்பல் எண்ணியதைவிட உயரமாக மிதந்தது. பாரம் ஏற்றி ஏற்றி அமிழ்த்தினார்கள். அப்படியும் இறவாரம் சில அங்குலம்தான் நீருக்குள் இருந்தது. இதில் இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். கப்பல் ஓட ஓட நிலக்கரி கரைகிறது, எடை குறைகிறது, உடல் மேலே எழும்புகிறது. காலையில் வரைந்தவன் முன்தளத்தின்மேல் தண்ணீர் புரள்வதைப் பார்த்திருப்பான். மாலையில் வரைந்தவன் தளத்தின் விளிம்பைப் பார்த்திருக்கலாம். இருவரும் உண்மையே சொல்லியிருப்பார்கள்.

இதனால்தான் ஒரு கப்பலின் உண்மைத் தோற்றம் எது என்று கேட்கும்போது, எந்த நாளின் தோற்றம் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். மார்ச் 8 காலையில் முட்டுமுனை இருந்தது. மாலையில் அது கம்பர்லேண்டின் விலாவிலேயே ஒடிந்து தங்கிவிட்டது. அன்றைய சண்டையில் புகைபோக்கி சல்லடையானது, கொடிக்கம்பங்கள் பறந்தன, இரண்டு பீரங்கிகளின் வாய் உடைந்தது. பிறகு உலர்துறையில் ஏற்றிப் புது முட்டுமுனை பொருத்தி, நீர்மட்டத்துக்குக் கீழே கூடுதல் தகடு அடித்து, துளைகளுக்கு இரும்புக் கதவு மாட்டி, ஏப்ரலில் மறுபடி வெளியே விட்டார்கள். மார்ச் கப்பலும் ஏப்ரல் கப்பலும் ஒன்றல்ல. ஆனால் மானிட்டருடன் மோதும் படங்களில் ஏப்ரல் மாதத்துக் கதவுகளை மாட்டி வரைந்தவர்கள் உண்டு.

சாட்சி சொன்னவர்களின் மனநிலையையும் எடைபோட வேண்டியிருக்கிறது. வர்ஜீனியாவை வடிவமைத்த பெருமை யாருக்கு என்பதில் ஜான் போர்ட்டருக்கும் ஜான் புரூக்குக்கும் தீராத சண்டை. போர்ட்டர் கப்பல் கட்டுநர். 1846லேயே இரும்புக் கவசக் கப்பலுக்கு ஒரு மாதிரி செய்தவர். புரூக் கடற்படை அதிகாரி; பீரங்கி வல்லுநர்; நீருக்கடியில் நீளும் முனைகள் தன் யோசனை என்று 1862இல் கூட்டமைப்பின் காப்புரிமையே வாங்கியவர். போர் முடிந்து எத்தனையோ ஆண்டுகள் கழித்தும் இருவர் தரப்பும் எழுதிக்கொண்டே இருந்தன. இவர்களில் யாரையும் பொய்யர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தன் பெருமைக்காக எழுதுகிறவன் எந்த அளவை அழுத்திச் சொல்வான், எதை விட்டுவிடுவான் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நிறத்துக்கு வருவோம். கவசக் கப்பல் என்றாலே கறுப்பு அல்லது சாம்பல் என்று பூசிவிடுகிறார்கள். ஆர்கன்சாவைப் பார்த்தவர்கள் அதைத் துருப்பிடித்த பழுப்பு என்றார்கள். அதன் கவசம் பெரும்பாலும் இரயில் தண்டவாளம். அந்த நிறம் இயல்புதான். ஆற்றங்கரை மண்ணோடும் மரங்களோடும் கலந்து மறைந்திருக்க அது உதவவும் செய்தது. சார்ல்ஸ்டனில் பல்மெட்டோ ஸ்டேட் கப்பலில் பணியாற்றிய வில்லியம் பார்க்கர் தன் நினைவுக்குறிப்பில், தங்கள் கப்பல்களுக்கு வெளிர் நீலம் கலந்த சாம்பல் வண்ணம் பூசியதாகவும், முற்றுகையைத் தாண்டி ஓடும் சரக்குக் கப்பல்களிடமிருந்து அந்த வண்ணத்தைக் கற்றுக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறார். வர்ஜீனியாவின் மேல் குண்டு வழுக்கிப் போகட்டும் என்று பன்றிக் கொழுப்பைத் தடவியிருந்தார்கள். கொழுப்பு பூசிய இரும்பு மார்ச் மாத வெயிலில் எந்த நிறமாகத் தெரியும்? ஈரமான கருமையாக மின்னியிருக்கும் என்பது என் ஊகம். இதற்கு நான் புள்ளிக்கோடுதான் போடுவேன்.

புகைப்படம் இருந்தால் நிறச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்துக் கண்ணாடித் தட்டில் பூசிய மருந்துக்கு நீல ஒளி நன்றாகத் தெரியும். சிவப்பு தெரியவே தெரியாது. நீலம் பூசிய கப்பல் படத்தில் வெளுத்துத் தெரியும். துருப்பிடித்த கப்பல் கரிபோலத் தெரியும். சார்ல்ஸ்டனின் சிக்கோரா கப்பல் என்று கருதப்படும் படம் ஒன்று உண்டு. அதில் தெரியும் சாயலை அப்படியே தூரிகையில் எடுத்துவிட முடியாது.

நம்பத்தக்க புகைப்படங்கள் உள்ள கப்பல்களும் சில உண்டு. அவை எல்லாம் எதிரி கையில் சிக்கியவை. ஸ்காட்லாந்தில் ஃபிங்கல் என்ற சரக்குக் கப்பலாகப் பிறந்து, சவானாவில் கவசம் பூண்ட அட்லாண்டா, 1863 ஜூன் 17 அன்று பிடிபட்டது. வடக்குக் கடற்படையில் சேர்ந்து ஜேம்ஸ் ஆற்றில் நின்றபோதுதான் படமெடுத்தார்கள். மொபைல் விரிகுடாவில் 1864 ஆகஸ்ட் 5 அன்று சரணடைந்த டென்னசியும் அப்படித்தான். நார்த் கரோலினாவில் சோளக்கொல்லை ஓரம் கட்டப்பட்ட ஆல்பமார்லை, வில்லியம் குஷிங் என்ற இளைஞர் ஒரு சிறு படகில் வந்து வெடிவைத்து மூழ்கடித்தார். வடக்கத்தியர் அதைத் தூக்கி நார்போக்குக்கு இழுத்துவந்த பிறகே கேமரா அதைக் கண்டது. இவற்றில் நாம் காண்பது பழுது பார்த்த, கைமாறிய கப்பல். முகம் அதேதான், உடுப்பு மாறியிருக்கிறது. ஆனாலும் இவை பொன் போன்றவை. ஆல்பமார்லின் கூடு எட்டுப் பட்டை கொண்டது என்பது இந்தப் படத்தால் விவாதமின்றி முடிந்துபோன செய்தி.

படமில்லாத கப்பல்களுக்கு என்ன செய்தார்கள்? 1904 வாக்கில் ஸ்கெரெட் என்ற ஓவியர் தென் கடற்படைக் கப்பல்களை ஒவ்வொன்றாக நீர்த்த வண்ணத்தில் வரைந்தார். அழகான படங்கள். கப்பல்கள் அழிந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு வரைந்தவை என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள். அரசுத் தொகுப்பில் இருப்பதாலேயே சான்றாகிவிட்டன. மனாசஸ் என்ற, தெற்கின் முதல் கவசக் கப்பலுக்குப் புகைபோக்கி ஒன்றா இரண்டா என்பதுகூட இன்றும் முடிவாகவில்லை. படங்களில் இரண்டு விதமும் உண்டு.

இப்போது உங்களுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். ஜார்ஜியா கப்பலைப் பற்றியது. சவானா நகரப் பெண்கள் சங்கம் அமைத்து ஓர் இலட்சத்துப் பதினைந்தாயிரம் டாலர் திரட்டிக் கட்டிய கப்பல் அது. இயந்திரத்துக்கு வலுவில்லாததால் ஓடவே முடியாமல் ஆற்றில் கட்டிப்போட்ட மிதக்கும் கோட்டையாகவே வாழ்ந்து முடிந்தது. அதன் வரைபடம் கிடைக்கவில்லை. நீளம் 150 அடி என்றவரும் உண்டு, 250 அடி என்றவரும் உண்டு. இப்படி இருட்டாக இருந்த இடத்தில் 1980களில் ஒரு புகைப்படத்தின் நகல் வெளியே வந்தது. ஊர்ப்புறத்தில் பழைய சாமான் விற்ற ஒரு வீட்டு முற்றத்தில் அசலைப் பார்த்ததாகவும், வாங்கப் பணமில்லாமல் அதை மட்டும் படமெடுத்து வந்ததாகவும் கொண்டுவந்தவர் சொன்னார். மங்கிய சட்டம், கறை படிந்த விளிம்பு, சதுப்பு நிலத்தில் ஒரு சாய்ந்த இரும்புக் கூடு, முன்னால் வைக்கோல் தொப்பி அணிந்த ஓர் ஆள்.

ஆராய்ச்சியாளர்கள் சந்தேகப்பட்டார்கள். ஆனால் அசல் இல்லாமல் ஆமென்றும் சொல்ல முடியவில்லை, இல்லையென்றும் சொல்ல முடியவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்தப் படம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. 2015இல் கப்பலின் சிதைவை ஆற்றிலிருந்து எடுக்கும் வேலை நடந்தபோது, அசலைக் கண்டுபிடிக்க உதவுங்கள் என்று ஒரு செய்தி நிறுவனம் பொதுமக்களைக் கேட்டது. அப்போதுதான் படத்தைக் கொண்டுவந்தவர் ஒப்புக்கொண்டார். இளவயதில் தானே செய்த இரண்டடி நீள மாதிரிக் கப்பல் அது. தொப்பிக்காரர் அவருடைய தம்பி. தம்பியின் உருவத்தைத் தனியே படமெடுத்து வெட்டி ஒட்டி, மண்ணும் பசையும் தேய்த்துப் பழைய படமாக்கியிருக்கிறார்.

இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. இன்றும் அந்தக் கோபம் தணியவில்லை. பொய்க்கோடு ஒன்று தாளில் விழுந்துவிட்டால் அதை அழிக்க ஒரு தலைமுறை உழைப்பு போய்விடுகிறது.

பொய்ப் படம் உடைந்த அதே ஆண்டில் உண்மை ஆற்றிலிருந்து ஏறியது. 1968இல் தூர்வாரும்போது தட்டுப்பட்ட சிதைவு அது. துறைமுகத்தை ஆழப்படுத்த வேண்டி, இராணுவப் பொறியாளர் பிரிவும் கடற்படை முக்குளிப்பாளர்களும் சேர்ந்து பீரங்கிகளையும் கவசத் துண்டுகளையும் மேலே கொண்டுவந்தார்கள். மரத்தின்மேல் தண்டவாளங்களை ஒன்றோடொன்று கோத்து அடித்திருந்த முறை அந்தத் துண்டுகளில் கண்ணுக்குத் தெரிந்தது. நான் பார்த்த ஓவியங்களில் அப்படிக் காட்டியதில்லை. அந்தக் கப்பல் வழவழப்பான தகட்டுப் பெட்டியாக இருக்கவில்லை. வரிவரியாக மேடுபள்ளமாக இருந்திருக்கிறது. ஆனால் கீழ்ப்பகுதி ஏறத்தாழ மறைந்துவிட்டது. மொத்த நீளம் இன்னும் புள்ளிக்கோடுதான்.

ஓவியங்கள் தவறியதைத் தெற்கின் ஹன்லி நீர்மூழ்கியும் காட்டியது. பழைய கொதிகலனை வெட்டிச் செய்த முரட்டு உருளை என்று நூறாண்டுக்கு மேல் வரைந்தார்கள், மாதிரிகள் செய்தார்கள். 2000 ஆகஸ்ட் 8 அன்று கடலுக்கு மேலே வந்தது மீன்போல வடிவான உடல்.

இந்தக் கப்பல்களின் தோற்றத்தில் யாரும் வரையாத ஒரு பகுதி இருக்கிறது. இவை அடிமை முறையைக் காக்கப் போரிட்ட ஓர் அரசின் கப்பல்கள். தகடு உருட்டிய ட்ரெடெகார் ஆலையிலும், பீரங்கி வார்த்த செல்மா ஆலையிலும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள் உழைத்தார்கள். அவர்கள் கை படாத கவசம் அநேகமாக இல்லை. வர்ஜீனியாவைப் பற்றிய நேரடிச் செய்தியை வாஷிங்டனுக்குக் கொண்டுசென்றவர்களில் ஒருவரும் நார்போக்கைச் சேர்ந்த ஒரு கறுப்பினப் பெண்தான், மேரி லூவெஸ்த். வேலைத்தளத் தொழிலாளி ஒருவர் எழுதிய தாளை மறைத்து எடுத்துக்கொண்டு எதிரி எல்லையைத் தாண்டிப் போனார். கடற்படைச் செயலர் கிடியன் வெல்ஸ், போருக்குப் பிறகு அவருக்காகச் சாட்சிக் கடிதம் எழுதினார். மாட்டினால் உயிர் போகும் என்று தெரிந்தே அந்தத் தாளைச் சுமந்தவர். போர்ட்டர் எழுதியதையும் புரூக் எழுதியதையும் புரட்டும் நாம் இந்த அம்மையாரின் பெயரையும் அதே வரிசையில் வைக்க வேண்டும்.

ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் உள்நாட்டுப் போர்க் கடற்படை அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஜாக்சன் என்ற கவசக் கப்பலின் எரிந்த அடிப்பகுதியை வைத்திருக்கிறார்கள். 1864 தொடக்கத்தில் நீரில் இறக்க முடியாமல் போய், துடுப்புச் சக்கரத்தை எடுத்துவிட்டுச் சுழல் விசிறிகள் பொருத்தி, வடிவத்தையே மாற்றி, அந்த டிசம்பரில் இறக்கிய கப்பல். ஒருமுறைகூடப் போருக்குப் போகாமல் 1865 ஏப்ரலில் எரிந்து ஆற்றோடு மிதந்துபோய் மூழ்கியது. அருங்காட்சியகத்தார் இழந்த மேற்பகுதியைப் புது மரத்தால் கட்டி நிரப்பவில்லை. கருகிய மரத்தின் மேலே வெள்ளை உலோகச் சட்டங்களால் கூட்டின் வெளிக்கோட்டை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள். எங்கே மரம் முடிகிறது, எங்கே நம் கணக்கு தொடங்குகிறது என்று குழந்தைக்கும் தெரியும். வரைபடக்காரன் கண்ணுக்கு அது வானத்தில் போட்ட புள்ளிக்கோடு. இந்தத் துறையில் இதைவிட நேர்மையான ஒன்று எனக்குத் தெரியவில்லை.

இந்த அரங்கில் பலருக்குப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது நார்த் கரோலினா பக்கம் போக வாய்த்தால் கின்ஸ்டன் என்ற சிற்றூருக்குப் போய் வாருங்கள். ஆல்பமார்லின் உடன்பிறந்த கப்பலான நியூஸ் அங்கே இருக்கிறது. 1865 மார்ச்சில் எரித்தது, 1960களில் ஆற்றிலிருந்து எடுத்தது. கருத்த பைன் கட்டைகள், துருவேறிய ஆணிகள். கூடும் இல்லை, கவசமும் இல்லை. அதே ஊரில் அதே கப்பலின் முழு அளவு மாதிரி ஒன்றையும் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அதில் எல்லாம் இருக்கிறது. ஏறி உள்ளே போகலாம், பேரப்பிள்ளைகளை நிறுத்திப் படமெடுக்கலாம். இரண்டையும் பாருங்கள். ஆனால் முதலில் கருகிய கட்டையைப் பார்த்துவிட்டு, பிறகு மாதிரிக்குப் போங்கள்.